36 மாதமும் திருத்த முடியாத ஒரு கையெழுத்தும்: எந்த ஜிஐ பில்லை எங்கே செலவழிப்பது?

போன மாதம் சான் அன்டோனியோவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். அமெரிக்க ராணுவத்தில் நான்கு வருடம் முடித்து வெளியே வந்தவன். ராணுவத்தில் பணி செய்தவர்களின் படிப்புக்கு அமெரிக்க அரசு தரும் உதவிக்குப் பெயர்தான் ஜிஐ பில்; அதில் சாப்டர் 33, சாப்டர் 30 என்று இரண்டு வகை உண்டு. "அண்ணே, சாப்டர் 33 எடுக்கவா, 30 எடுக்கவா? சேர்ந்த புதுசுல எங்கிட்ட 1,200 டாலர் பிடிச்சாங்க. 33 எடுத்தா அது வீணாப் போயிடுமா?" என்று ஆரம்பித்தான். பேசப் பேசக் கேள்வி வளர்ந்தது. முழங்காலுக்கு விஏ (முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறை) 30 சதவீதப் பாதிப்பு என்று ரேட்டிங் போட்டிருக்கிறது, அதை வைத்துப் படிக்க முடியுமாமே? மகளுக்கு ஆறு வயது, அவள் கல்லூரிக்கு எடுத்து வைக்கலாமா? கடைசியில் பொறுமை இழந்து, "எதுல காசு ஜாஸ்தி, அதை மட்டும் சொல்லுங்கண்ணே" என்றான்.

எதில் காசு அதிகம் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. விஏ உங்கள் கையில் கொடுப்பது டாலர் அல்ல, மாதங்கள். 36 மாதம். ஒரு மாதத்தை மலிவான ஆன்லைன் வகுப்பில் செலவழித்தாலும் ஒரு மாதம்தான் போகும், ஆண்டுக்கு அறுபதாயிரம் டாலர் வாங்கும் தனியார் கல்லூரியில் செலவழித்தாலும் ஒரு மாதம்தான் போகும். ஆகவே ஒரு மாதத்துக்கு எங்கே என்ன கிடைக்கும், எதை முதலில் தொட்டால் இன்னொன்று கைநழுவும் என்று பார்க்க வேண்டும். அவனிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி தமிழர்களிடம் எப்படி வந்தது என்று சிலர் வியக்கலாம். 2009 வாக்கில் தொடங்கிய 'மேவ்னி' என்ற திட்டத்தில், கிரீன் கார்டுகூட இல்லாத மாணவர்களையும் எச்-1பி காரர்களையும் மொழித் திறமைக்காக ராணுவம் சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும் என்பதால் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் சிலர் பூட்ஸ் மாட்டினார்கள். 2016-ல் புதிதாகச் சேர்ப்பது நின்றுவிட்டது. அப்படிச் சேர்ந்தவர்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஏற்கெனவே ஒரு பட்டமாவது கையில் இருக்கும். பள்ளி முடித்து நேராக ராணுவம் போன அமெரிக்கப் பையனுக்காக எழுதப்பட்ட அறிவுரை இவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

## முதலில் அளவுகோல்

ஒவ்வொரு வழியையும் நான் நிறுத்துப் பார்ப்பது இவற்றை வைத்துத்தான்: கல்லூரிக்கு நேராக எவ்வளவு போகிறது, மாதாமாதம் உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது, எத்தனை மாதம் கிடைக்கும், எப்போது காலாவதி, பிள்ளைக்கோ மனைவிக்கோ மாற்ற முடியுமா. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை கையெழுத்துப் போட்டால் திரும்பி வர முடியுமா.

இன்னொன்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பணியிலிருந்து வெளியே வரும்போது தரும் டிடி 214 தாளில் உங்கள் டிஸ்சார்ஜ் என்ன வகை என்று எழுதியிருக்கிறது? 'ஆனரபிள்' என்று இருந்தால்தான் ஜிஐ பில். 'ஜெனரல், அண்டர் ஆனரபிள் கண்டிஷன்ஸ்' என்று இருந்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பணிக்காலத்துக்கு 33-ம் கிடையாது, 30-ம் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் நேராக, பணியால் உடல் பாதிப்பு வந்தவர்களுக்கான சாப்டர் 31 பற்றிய பகுதிக்குப் போகலாம், அங்கே விதி கொஞ்சம் தளர்வு.

கீழே வரும் தொகைகள் 2024-25 ஆண்டுக்கானவை. 33-ன் கணக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டிலும் 30-ன் கணக்கு அக்டோபரிலும் மாறும், ஆகவே இன்றைய தொகை வேறாக இருக்கும்.

## சாப்டர் 33: எல்லோரும் எடுப்பது

'போஸ்ட் நைன் லெவன்' என்று பேச்சில் சொல்வது இதைத்தான். 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2001 செப்டம்பர் 10-க்குப் பிறகு 36 மாதம் முழுநேரப் பணி செய்தவருக்கு நூறு சதவீதம். குறைந்தால் படிப்படியாக இறங்கும்: 30 மாதத்துக்கு 90, 24 மாதத்துக்கு 80, 18-க்கு 70, ஆறு மாதத்துக்கு 60, 90 நாளுக்கு 50 சதவீதம். போர்க்காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவருக்கு நாள் கணக்கு இல்லாமலே நூறு.

நூறு சதவீதக்காரர் அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் மாநிலத்தவர் கட்டணம் முழுவதையும் விஏ கல்லூரிக்கே கட்டிவிடும். வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் என்று கூடுதல் கட்டணம் போடுவார்களோ என்ற பயம் முன்பு இருந்தது. 2014-ல் வந்த சட்டமும் அதற்குப் பிந்தைய திருத்தமும் அதைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. தனியார் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 28,937 டாலர் வரைதான்.

இதோடு புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை, அப்புறம் வீட்டு வாடகைப்படி. இந்தப் படியில்தான் விஷயமே இருக்கிறது. குடும்பத்தோடு இருக்கும் ஓர் இ-5 சார்ஜென்டுக்கு ராணுவம் அந்த ஊரில் என்ன வாடகைப்படி தருமோ, அதே தொகை உங்களுக்கு. ஊர் என்பது நீங்கள் குடியிருக்கும் ஊர் அல்ல, பெரும்பாலான வகுப்புகளுக்கு நேரில் போகும் வளாகம் இருக்கும் ஊர். கல்லூரி மலிவா விலையா என்பது இந்தப் படியைத் தொடாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கம்யூனிட்டி காலேஜுக்குப் போகிறவருக்கும் பக்கத்தில் பேர்போன தனியார் பல்கலைக்குப் போகிறவருக்கும் படி ஏறக்குறைய ஒன்றுதான்.

முழுக்க ஆன்லைனில் படித்தால் தேசிய சராசரியில் பாதி, மாதம் 1,100 டாலருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே கிடைக்கும். ஒரே ஒரு வகுப்பை நேரில் எடுத்தால்கூட வளாகத்து ஊரின் தொகை வந்துவிடும். வாரம் ஒரு நாள் வளாகத்துக்குப் போகச் சோம்பல்பட்டு மாதம் ஆயிரம் டாலரை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதில் நிறைய. வாடகைப்படி மாதம் முடிந்த பிறகே வரும். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால் செப்டம்பரின் முழுப் படி அக்டோபரில்தான். அதுவரை வாடகையும் முன்பணமும் உங்கள் சேமிப்பிலிருந்து. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, இரண்டு செமஸ்டருக்கு இடைப்பட்ட நாட்களுக்குப் படி கிடையாது. கோடையில் வகுப்பு எடுக்காவிட்டால் அப்போதும் கிடையாது. வீட்டுக்காரர் அதற்காக வாடகையைக் குறைப்பாரா என்ன? ஒன்பது மாதத்துக்கு வருவதைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீடு பிடிக்க வேண்டும். மாதாமாதம் "இன்னும் படிக்கிறேன்" என்று குறுஞ்செய்தியிலோ இணையத்திலோ உறுதி சொல்ல மறந்தாலும் பணம் நின்றுவிடும்.

இன்னொரு பொறி, உதவித்தொகை. கல்விக் கட்டணத்துக்கென்றே பெயர் குறித்துக் கல்லூரி ஸ்காலர்ஷிப் கொடுத்தால், விஏ அதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கட்டும். உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. அதே தொகையைப் பொதுவான படிப்புச் செலவுக்கு என்று மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சில கல்லூரிகள் ஒத்துக்கொள்ளும். வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் இதனால் குறையாது, தைரியமாக விண்ணப்பிக்கலாம்.

வகுப்பைப் பாதியில் விடுவது பற்றி என் கதையைச் சொல்கிறேன். ஐந்தாவது வாரத்தில் புள்ளியியல் வகுப்பு ஒன்றைக் கைவிட்டேன். அதனால் வாங்கும் கிரெடிட் (வகுப்புகளின் பாட அளவு) குறைந்து முழுநேர மாணவன் என்ற கணக்கிலிருந்து இறங்கிவிட்டேன். ஆறு வாரம் கழித்துக் கடன் கடிதம் வந்தது. ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டு முடித்த வாடகைப்படியில் ஒரு பங்கு, புத்தகப் பணத்தில் ஒரு பங்கு, கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கு, எல்லாம் திருப்பிக் கட்டு என்று. கல்லூரியில் இதைக் கவனிக்கும் அலுவலரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், முதல் தடவை ஆறு கிரெடிட் வரை காரணம் கேட்காமல் விட்டுக்கொடுக்கும் சலுகை இருப்பது தெரிந்திருக்கும். அது தெரியாமல் ஒரு மாதம் தூக்கம் போயிற்று.

அப்புறம் யெல்லோ ரிப்பன். தனியார் கல்லூரிக் கட்டணம் அந்த 28,937-ஐத் தாண்டினால், மிச்சத்தில் ஒரு பங்கைக் கல்லூரி விட்டுக்கொடுக்கும், அதற்குச் சமமான இன்னொரு பங்கை விஏ போடும். கட்டணம் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 31,063. கல்லூரி 15,000 தந்தால் விஏ இன்னொரு 15,000 தரும், நீங்கள் கட்ட வேண்டியது 1,063 மட்டும். ஆனால் இது நூறு சதவீதக்காரருக்குத்தான். கல்லூரி தானாக முன்வந்து சேர்ந்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு, எந்தப் படிப்புக்கு, எவ்வளவு என்பதும் அதன் இஷ்டம். ஒரே பல்கலையில் சட்டப் படிப்புக்கு ஒரு தொகையும் எம்பிஏ-வுக்கு வேறொரு தொகையும் இருக்கலாம். 35 மாதப் பணியோடு வெளியே வரத் துடிப்பவரிடம் நான் கெஞ்சியே கேட்பேன்: இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். 90-க்கும் 100-க்கும் இடையில் இருப்பது பத்து சதவீதம் மட்டுமில்லை, இந்தக் கதவும்தான்.

## சாப்டர் 30: பழசு, ஆனால் செத்துவிடவில்லை

1985-ல் வந்த மான்ட்கோமரி ஜிஐ பில். சேர்ந்த முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் மாதம் 100 டாலர் பிடித்தார்களே, அந்த 1,200 இதற்குத்தான். இதன் குணம் வேறு. கல்லூரிக்கு எதுவும் போகாது. மூன்று வருடமோ அதற்கு மேலோ பணி செய்து முழுநேரம் படிப்பவர் கையில் மாதம் 2,438 டாலரைக் கொடுத்துவிடுவார்கள். கட்டணத்தை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும், மிஞ்சினால் உங்களுக்கு. பணியில் இருக்கும்போது கூடுதலாக 600 டாலர் கட்டியவருக்கு மாதம் 150 வரை சேர்த்து வரும்.

நேரில் போய்ப் படிப்பவருக்கு 33-தான் ஜெயிக்கும். அரசுப் பல்கலையில் ஆண்டுக் கட்டணம் 11,000, வாடகைப்படி மாதம் 2,000 என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 33-ல் கட்டணம், புத்தகம், ஒன்பது மாதப் படி எல்லாம் சேர்ந்து 30,000. 30-ல் ஒன்பது மாதத்துக்கு 21,942. சந்தேகத்துக்கு இடமில்லை.

முழுக்க ஆன்லைன், அதுவும் ஆண்டுக்கு 4,000 டாலர் கட்டணம் என்றால் தராசு சாய்கிறது. 33 தருவது ஏறக்குறைய 14,900, அதில் கைக்கு வருவது 10,900. 30-ல் வாங்கும் 21,942-ல் கட்டணம் போக 17,900-க்கு மேல் மிஞ்சும். ஆன்லைன் கட்டணம் ஆண்டுக்கு சுமார் 11,000-ஐத் தாண்டினால்தான் 33 முன்னுக்கு வரும். வேலை பார்க்கும் கம்பெனியே படிப்புக்குப் பணம் கட்டுகிறது என்றாலும் 30 நல்லது. 33-ல் கம்பெனி கட்டிய கட்டணத்தை விஏ கழித்துவிடும், 30-ல் அந்த 2,438 எப்படியும் உங்களுடையது.

காலக்கெடு இதன் பலவீனம். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து பத்து வருடம். 33-க்கு அப்படி இல்லை: 2013 ஜனவரி 1 முதல் வெளியே வந்தவர்களுக்கு 2017-ல் வந்த சட்டம் காலாவதியையே எடுத்துவிட்டது. அதற்கு முன் வந்தவர்களுக்குப் பதினைந்து வருடம்.

அந்த 1,200? 33-க்கு மாறி, அதை ஒரு நாள் மிச்சமில்லாமல் தீர்த்து, தீரும் நேரத்தில் வாடகைப்படியும் வாங்கிக்கொண்டிருந்தால், பயன்படுத்தாத 30-ன் அளவுக்கேற்ப அதிகபட்சம் 1,200 திரும்பி வரும். அதற்காக எந்த முடிவையும் எடுக்காதீர்கள். யானை வாங்குகிறவர் அங்குசத்துக்கு அழக் கூடாது.

அழ வேண்டியது வேறொன்றுக்கு. ஒரே பணிக்காலம் உள்ளவர் 33 வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போது 30-ஐ விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போடுகிறார். அதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் ஒருமுறை வெளியே வந்து, மறுபடி சேர்ந்து, தனித்தனியாக இரண்டு உரிமையையும் சம்பாதித்தவர் நிலை வேறு. 2024 ஏப்ரல் 16-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரூடிசில் வழக்கில் 7-2 என்று தீர்ப்புச் சொன்னது: அப்படிப்பட்டவர் எதையும் துறக்க வேண்டியதில்லை, எந்த வரிசையிலும் இரண்டையும் எடுக்கலாம், மொத்தம் 48 மாதம் வரை. இரண்டு பணிக்காலம் உள்ளவர்கள் பழைய விஏ கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரு வருடப் படிப்பு அதில் ஒளிந்திருக்கலாம்.

## சாப்டர் 31: யாரும் முதலில் நினைக்காதது

இது கல்வி உதவி என்ற பெயரில் வராது. பணியால் வந்த உடல் பாதிப்பினால் வேலை பார்க்கச் சிரமப்படுகிறவரை மறுபடி வேலைக்குத் தயார் செய்வது இதன் நோக்கம். விஏ ரேட்டிங் 20 சதவீதமும் வேலைக்கு இடைஞ்சல் என்ற நிரூபணமும் இருந்தால் போதும். 10 சதவீதம்தான் என்றால் இடைஞ்சல் கடுமையானது என்று காட்ட வேண்டும். காதில் இரைச்சல் என்று 10 சதவீதம் வாங்கி அதோடு மறந்துவிட்டவர்கள் ஏராளம்.

கிடைத்துவிட்டால் இதைப் போல் இன்னொன்று இல்லை. கட்டணம் முழுவதும், புத்தகம் முழுவதும், திட்டத்துக்குத் தேவை என்றால் கணினி, கருவி எல்லாம் தருவார்கள். 33-ன் தனியார் கல்லூரி உச்சவரம்பு இங்கே இல்லை. 48 மாதம். மாதச் செலவுக்கு இதற்கென ஒரு சிறிய படி உண்டு. ஆனால் 33-ல் ஒரு நாளாவது மிச்சம் வைத்திருப்பவர் அதற்குப் பதில் 33-ன் வாடகைப்படி அளவிலேயே கேட்டு வாங்கலாம். அந்த ஒரு நாளின் விலை மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் போகலாம். அதைக் கவனக்குறைவாகச் செலவழித்துவிடாதீர்கள்.

வரிசைதான் முக்கியம். 2021-லிருந்து, முதலில் 31-ல் படித்தால் அந்த மாதங்கள் ஜிஐ பில்லிலிருந்து கழியாது. தலைகீழாக முதலில் 33-ஐத் தீர்த்துவிட்டுப் போனால், அந்த 36 மாதம் 48-க்குள் எண்ணப்பட்டு 12-தான் மிஞ்சும். ஏற்கெனவே 33-ல் பாதி போய்விட்டது என்றாலும் கவுன்சிலரிடம் (31-ஐக் கவனிக்கும் விஏ ஆலோசகர்) கேளுங்கள். அப்போதே 31-க்குத் தகுதி இருந்தது என்று காட்டினால், செலவான மாதங்களை முன்தேதியிட்டு 31-க்கு மாற்றி, 33-ஐத் திரும்ப நிரப்பித் தர வழி இருக்கிறது.

இதன் விலை பணமல்ல, காத்திருப்பும் கவுன்சிலரும். என்ன படிக்கலாம் என்று நீங்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது. "இந்தப் படிப்பு, இந்த வேலை, என் உடம்புக்கு இது ஒத்துவரும்" என்று ஒரு திட்டம் போட்டு அவர் சம்மதிக்க வேண்டும். ஒரு கவுன்சிலர் முதுகலைக்குச் சரி என்பார், இன்னொருவர் இளங்கலை போதும் என்பார். மேவ்னி வழியாக வந்தவர்களுக்கு இங்கேதான் இடிக்கும்: "உங்களிடம்தான் ஏற்கெனவே எம்.எஸ். இருக்கிறதே, அப்புறம் என்ன தடை?" என்று கேட்பார்கள். அந்தப் பட்டம் எந்த நாட்டில் வாங்கியது, எத்தனை வருடம் ஆகிறது, அந்தத் துறையின் வேலையை இப்போதைய உடம்போடு ஏன் செய்ய முடியவில்லை என்று மருத்துவத் தாள்களோடு போங்கள். வெறும் வாயோடு போகாதீர்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | சாப்டர் 33 | சாப்டர் 30 | சாப்டர் 31 |
|---|---|---|---|
| கல்லூரிக்கு | அரசு: முழுக் கட்டணம், தனியார்: 28,937 வரை | எதுவும் போகாது | முழுவதும், திட்டத்துக்கு உட்பட்டு |
| கைக்கு | வாடகைப்படி, புத்தகத்துக்கு 1,000 | மாதம் 2,438 | தனிப் படி அல்லது 33-ன் அளவு |
| மாதம் | 36 | 36 | 48 |
| காலாவதி | 2013 முதல் வெளியே வந்தவருக்கு இல்லை | 10 வருடம் | 2013 முதல் வெளியே வந்தவருக்கு இல்லை. அதற்கு முன் 12 வருடம் |
| குடும்பத்துக்கு மாற்ற | பணியில் இருக்கும்போது மட்டும் | முடியாதென்றே வையுங்கள் | முடியாது |
| யார் சம்மதம் வேண்டும் | யாருடையதும் இல்லை | யாருடையதும் இல்லை | கவுன்சிலர் |

## இன்னும் சீருடையில் இருப்பவர்களுக்கு

இவர்கள் மேலே உள்ள எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். டியூஷன் அசிஸ்டன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர் மாலை நேர டியூஷன் இல்லை, கல்லூரிக் கட்டணம்தான். கிரெடிட் மணிக்கு 250 டாலர், ஆண்டுக்கு 4,500 வரை. ஜிஐ பில்லில் ஒரு நாள்கூடக் குறையாது. இளங்கலை வகுப்பில் 'சி'க்குக் கீழே, முதுகலையில் 'பி'க்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதைத் தவிரப் பெரிய ஆபத்தில்லை. பணியில் இருந்துகொண்டே 33-ல் படித்தால் வாடகைப்படி கிடையாது; பாலைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொள்வது போல.

## பிள்ளைக்கு வைப்பதா, நாமே படிப்பதா?

நம்மவர்கள் அதிகம் கேட்பது இதுதான். நம் வீடுகளில் அப்பாவின் படிப்பைவிட மகளின் படிப்பு எப்போதும் முந்திக்கொள்ளும். விதி என்ன சொல்கிறது? 33-ஐ மாற்றுவதானால் சீருடையில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ஆறு வருடம் பணி முடித்திருக்க வேண்டும், இன்னும் நான்கு வருடம் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் நினைத்தாலும் நடக்காது. இதைக் கேட்டதும் அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சேர்ந்தபோது யாரும் அவனிடம் சொல்லவில்லையாம்.

பணியில் இருப்பவர்களுக்கு என் யோசனை: தகுதி வந்த அன்றே ஒவ்வொரு பிள்ளை பெயரிலும் மனைவி பெயரிலும் ஒரு மாதமாவது போட்டு வையுங்கள். பிறகு கூட்டலாம், குறைக்கலாம், உங்களிடமே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் போடாமல் வெளியே வந்தவருக்குக் கதவு மூடிவிடும். பிள்ளை 26 வயதுக்குள் பயன்படுத்த வேண்டும். நீங்கள் இன்னும் பணியில் இருந்தாலும் பிள்ளைக்கு வாடகைப்படி உண்டு, மனைவிக்குக் கிடையாது. ஆகவே நீங்கள் பணியில் இருக்கும்வரை மாதங்களைப் பிள்ளை செலவழிப்பதே லாபம்.

பணியால் வந்த பாதிப்பு நூறு சதவீதம், நிரந்தரம் என்று விஏ தீர்மானித்திருந்தால் கணக்கே வேறு. சாப்டர் 35-ல் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக அவரவர் பெயரிலேயே உதவி வரும், மாதம் 1,536 டாலர். அப்போது உங்கள் 33-ஐ நீங்களே நிம்மதியாகப் படித்துத் தீர்க்கலாம்.

டெக்சாஸ்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வாசல் இருக்கிறது: ஹேஸில்வுட் சட்டம். டெக்சாஸிலிருந்து ராணுவத்தில் சேர்ந்து, பயிற்சிக்காலம் போக 180 நாளுக்கு மேல் பணி செய்து, இப்போது அங்கேயே வசிப்பவருக்கு மாநில அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் மணி வரை கட்டண விலக்கு. தான் பயன்படுத்தாத மணிகளைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், வெளியே வந்த பிறகும் கொடுக்கலாம். பிள்ளை டெக்சாஸ்வாசியாக, 25 வயதுக்குள் இருக்க வேண்டும். வாடகையும் புத்தகமும் இதில் வராது. ஆனாலும் 150 மணி என்பது ஒரு முழு இளங்கலைப் பட்டத்துக்கும் மேல். தம்பி ஹூஸ்டனில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்தே சேர்ந்தவன். இதைச் சொன்னதும் குரலில் மறுபடி உயிர் வந்தது.

## யாருக்கு எது

ரேட்டிங் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, உடம்பு பழைய வேலைக்கு ஒத்துழைக்கவில்லை என்றால் முதலில் 31-ஐக் கேட்டுப் பாருங்கள். மறுத்துவிட்டாலும் 33 அப்படியே இருக்கும், இழப்பு சில மாதக் காத்திருப்பு மட்டுமே. உடம்புக்கு ஒன்றுமில்லை, நேரில் படிக்கப் போகிறார், மூன்று வருடப் பணி இருக்கிறது என்றால் 33, யோசிக்கவே வேண்டாம். அதிலும் இளங்கலையை உள்ளூர் அரசுக் கல்லூரியில் மாநில உதவியோடு முடிக்க முடிந்தால் முடித்துவிட்டு, 33-ஐ யெல்லோ ரிப்பன் தரும் எம்பிஏ-வுக்கோ சட்டப் படிப்புக்கோ வைத்துக்கொள்வது என் விருப்பம். குடும்ப பாரம் இப்போதே அழுத்துகிறது, வாடகைப்படி உடனே வேண்டும் என்கிறவர் அந்த விருப்பத்தை மறந்துவிடலாம். பகலில் வேலை, இரவில் மலிவான ஆன்லைன் படிப்பு, அதிலும் கம்பெனி பங்கு கட்டுகிறது என்றால் 30.

மாதங்கள் தீரும் நேரத்தில் ஒரு சின்னத் தந்திரம். 33-ல் செமஸ்டர் தொடங்கும்போது ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தாலும், அந்த செமஸ்டர் முடியும்வரை விஏ கட்டும். கடைசி வருடத்தில் நாட்களை எண்ணி, கோடை வகுப்பு ஒன்றைத் தவிர்த்து, அந்த ஒரு நாளை அடுத்த செமஸ்டரின் வாசலில் கொண்டுபோய் வைக்க முடிந்தால், மூன்றரை மாதம் சும்மா கிடைக்கும். 31-க்காகக் காப்பாற்ற வேண்டிய ஒரு நாளையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வருமான வரி பற்றியும் கேட்கிறார்கள். இந்தப் பணம் எதற்கும் வரி இல்லை. கல்லூரி நிதியுதவிப் படிவத்தில் வருமானமாகவும் காட்ட வேண்டாம். விஏ கட்டிய கட்டணத்தைக் காட்டி நீங்கள் கல்வி வரிச்சலுகை கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

தம்பி போன வாரம் மறுபடி கூப்பிட்டான். ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையில் இருக்கிறான், முழங்கால் மாலையில் வீங்கிவிடுகிறது. 28-1900 படிவத்தை நிரப்பி 31-க்கு அனுப்பிவிட்டானாம். 33-க்கான 22-1990 படிவத்தையும் நிரப்பி வைத்திருக்கிறான், 30-ஐத் துறக்கும் இடத்தில் மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "கவுன்சிலர் என்ன சொல்றார்னு பாத்துட்டுப் போடறேன்ணே" என்றான். ஹேஸில்வுட் விண்ணப்பத்துக்கு டிடி 214-ன் நகல் வேண்டுமே, தெளிவான நகல் இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியில் எங்கேயோ இருக்கும், தேடுகிறேன் என்றான்.